மார்ஸ் என்று எழுதினால் மார்ஸ்தானா? ரோமர் ஆட்சியில் கெல்ட் தெய்வங்கள்

இங்கிலாந்தின் தென்மேற்கே பாத் என்றொரு ஊர், வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போனது. ரோமர் ஆட்சிக் காலத்தில் பெரெக்ரீனுஸ் என்பவர் அங்கே ஒரு கல் பலிபீடம் நிறுத்தினார். அதில் லத்தீனில் சில வரிகள் மட்டும் இருக்கின்றன: செகுண்டுஸின் மகன் பெரெக்ரீனுஸ், ட்ரெவெரி குடியைச் சேர்ந்தவன், லூசெட்டியுஸ் மார்ஸுக்கும் நெமெட்டோனாவுக்கும் தன் நேர்த்திக்கடனை மனமுவந்து செலுத்தினான்.

ட்ரெவெரிகளின் ஊர் இன்றைய ஜெர்மனியில் உள்ள ட்ரியர் பக்கம். ஆக, இவர் கடல் தாண்டி வந்த மனிதர். மார்ஸ் ரோமர்களின் போர்க்கடவுள், அது பலருக்கும் தெரியும். ஆனால் அவர் பெயருக்கு முன்னால் நிற்கும் லூசெட்டியுஸ் யார்? பக்கத்தில் இருக்கும் நெமெட்டோனா எந்த ரோமப் புராணத்திலும் இல்லாதவள். போதாததற்கு, பாத் ஊருக்கென்று ஏற்கெனவே ஒரு தெய்வம் உண்டு. அவள் பெயர் சூலிஸ். ரோமர்கள் அவளை மினெர்வா என்றும் சொன்னார்கள். அப்படியிருக்க, அவள் ஊரில் வந்து பெரெக்ரீனுஸ் தன் சொந்த ஊர்ச் சாமிகளுக்குக் கல் நடுகிறார். யாரும் தடுத்ததாகத் தெரியவில்லை.

இந்த ஒரு கல்லில் இருக்கும் குழப்பத்தை அவிழ்த்தாலே ரோமர் ஆட்சியில் கெல்ட் தெய்வங்களுக்கு என்ன ஆனது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும்.

முதலில் கெல்ட்டுகள் யார் என்று பார்த்துவிடலாம். ஒரே நாடு, ஒரே அரசன் என்று இருந்தவர்கள் அல்ல. ஒன்றோடொன்று உறவுள்ள மொழிகளைப் பேசிய ஏராளமான குடிகளுக்கு நாம் வைத்திருக்கும் பொதுப்பெயர் அது. இன்றைய பிரான்ஸையும் பெல்ஜியத்தையும் உள்ளடக்கிய காலியா, பிரிட்டன், ஸ்பெயினின் சில பகுதிகள், ஆல்ப்ஸ் மலையைச் சுற்றிய இடங்கள் என்று பரவி வாழ்ந்தார்கள். கி.மு. 58 தொடங்கி எட்டு ஆண்டுகளில் ஜூலியஸ் சீசர் காலியாவைப் பிடித்தார். கி.பி. 43இல் கிளாடியுஸ் பேரரசரின் படை பிரிட்டனில் இறங்கியது. அதன் பிறகு காலியாவில் சுமார் ஐந்நூறு ஆண்டுகள், பிரிட்டனில் முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் ரோம் ஆட்சி.

இந்தக் குடிகளுக்கு எல்லோருக்கும் பொதுவான தெய்வங்கள் கொஞ்சம்தான். ஊருக்கு ஒரு தெய்வம், ஊற்றுக்கு ஒரு தெய்வம், குடிக்கு ஒரு தெய்வம் என்பதே வழக்கம். கல்வெட்டுகளிலிருந்து நூற்றுக்கணக்கான பெயர்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை ஒரே ஒரு முறை வந்து, அப்புறம் எங்கேயும் தலைகாட்டாதவை.

அந்தத் தெய்வங்களைப் பற்றி கெல்ட்டுகளே எழுதி வைத்தது எதுவும் இல்லை. அவர்களுடைய குருமார்களான ட்ரூயிடுகள் சமய அறிவை எழுத்தில் வைப்பது தகாது என்று கருதியதாக சீசர் சொல்கிறார். கணக்கு வழக்குகளுக்குக் கிரேக்க எழுத்தைப் பயன்படுத்தியவர்கள்தான், எழுதத் தெரியாமல் இல்லை. சமயத்தை மனப்பாடமாகவே வைத்துக்கொண்டார்கள். ஆகவே நமக்குக் கிடைக்கும் பெயர்களும் கற்சிலைகளும் பெரும்பாலும் ரோமர் ஆட்சி வந்த பிறகு உண்டானவை. லத்தீன் எழுத்தும், கல்லில் பெயர் வெட்டும் பழக்கமும், சாமிக்கு மனித உருவில் சிலை செய்யும் வழக்கமும் ரோமோடு சேர்ந்துதான் பரவலாயின. "ரோமுக்கு முந்தைய தூய்மையான கெல்ட் மதம்" என்று யாராவது விரிவாக விளக்கினால் கொஞ்சம் எச்சரிக்கையாகக் கேளுங்கள். நம்மிடம் இருப்பது ரோமர் காலத்துக் கண்ணாடி வழியாகத் தெரியும் காட்சிதான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் கெல்ட் கடவுள்கள் என்று தேடினால் லூக், மோரிகன், தக்தா என்று அயர்லாந்துக் கதைகள் வந்து கொட்டும். சுவையான கதைகள்தான். ஆனால் அயர்லாந்து ரோமர் ஆட்சிக்குள் வரவே இல்லை. அந்தக் கதைகள் எழுதப்பட்டதும் பல நூற்றாண்டுகள் கழித்து, கிறித்தவத் துறவிகளின் மடங்களில். அவற்றை இங்கே கலக்காமல் இருந்தால் பாதிக் குழப்பம் குறையும்.

சீசரின் பட்டியல்

கெல்ட் தெய்வங்களைப் பற்றிப் பேசும் எல்லோரும் சீசரின் ஒரு பத்தியிலிருந்துதான் தொடங்குவார்கள். காலியர்கள் எல்லாத் தெய்வங்களிலும் மெர்க்குரியையே அதிகம் வணங்குகிறார்கள், அவருக்குத்தான் சிலைகள் அதிகம், எல்லாக் கலைகளையும் கண்டுபிடித்தவர், வழித்துணை, வாணிபத்துக்கும் பணம் சேர்வதற்கும் அதிபதி என்கிறார். அடுத்தபடியாக நோயை விரட்டும் அப்போலோ, போருக்கு மார்ஸ், வானத்தை ஆளும் ஜூப்பிட்டர், கைத்தொழில் கற்றுத்தரும் மினெர்வா.

படிக்கும்போது தெளிவாக இருக்கிறது. ஆனால் கவனித்தீர்களா, ஒரு உள்ளூர்ப் பெயர்கூட இல்லை. காலியன் ஒருவன் மெர்க்குரி என்று சொல்லிக் கும்பிட்டிருக்க மாட்டான். தனக்குத் தெரிந்த ரோமத் தெய்வங்களில் எது ஏறத்தாழ பொருந்துகிறதோ அந்தப் பெயரை சீசர் போட்டுவிட்டுப் போகிறார். ரோமில் இருக்கும் வாசகனுக்கு அது போதும்.

நூறாண்டு கழித்து, ரோமப் பேரரசர் நீரோ காலத்துக் கவிஞர் லூக்கான் தலைகீழாகச் செய்தார். தியூடாட்டெஸ், எசுஸ், தரானிஸ் என்று மூன்று உள்ளூர்ப் பெயர்களைச் சொல்லி, மூவருமே ரத்தபலி கேட்கும் கொடூரத் தெய்வங்கள் என்றார். ஆனால் அவர்கள் ரோமத் தெய்வங்களில் யார் யாருக்குச் சமம் என்று சொல்லவில்லை. அந்தக் கவிதைக்குப் பிற்காலத்தில் எழுதப்பட்ட குறிப்புரை ஒன்று சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஒரு கையெழுத்துப் பிரதியாக இருக்கிறது. அது ஓரிடத்தில் தியூடாட்டெஸ்தான் மெர்க்குரி, எசுஸ்தான் மார்ஸ் என்கிறது. கொஞ்சம் தள்ளி, தியூடாட்டெஸ்தான் மார்ஸ், எசுஸ்தான் மெர்க்குரி என்கிறது. இரண்டையும் அருகருகே எழுதி வைத்துவிட்டு அந்த உரைகாரர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார் போலிருக்கிறது.

பிற்கால அறிஞர்கள் அவ்வளவு எளிதாக விடவில்லை. இந்த கெல்ட் சாமி இந்த ரோமச் சாமிக்குச் சமம் என்று நேருக்கு நேர் அட்டவணை போட ரொம்பக் காலம் முயன்றார்கள். அது சரியாக அமையவே இல்லை. அமையாததற்குக் காரணம் நம் அறியாமை மட்டும் என்று நினைக்கவேண்டாம். அப்படி ஒரு அட்டவணை அக்காலத்திலேயே யாரிடமும் இருந்ததில்லை என்பதுதான் என் கருத்து.

பெயரைச் சேர்த்து வைத்தது யார்?

அந்நியத் தெய்வத்தை ரோமத் தெய்வத்தின் பெயரால் அழைக்கும் இந்த வழக்கத்துக்கு ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் இன்டர்பிரெட்டாசியோ ரோமானா. இது வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் ஜெர்மானியரைப் பற்றி எழுதும்போது போகிறபோக்கில் பயன்படுத்திய சொல். அங்கே ஒரு குடியினர் வணங்கும் இரு சகோதரத் தெய்வங்களை, ரோமர் கண்ணோட்டத்தில் காஸ்டர், போலக்ஸ் எனலாம் என்கிறார். இன்று அது ஒரு பெரிய கோட்பாட்டின் தலைப்பாகிவிட்டது. அதனாலேயே, ரோம அரசு உட்கார்ந்து திட்டம் போட்டு உள்ளூர்த் தெய்வங்களுக்குப் புதுப்பெயர் சூட்டியது போல ஒரு எண்ணம் நமக்கு வந்துவிடுகிறது.

அப்படி ஓர் ஆணை எதுவும் கிடையாது. இன்ன சாமியை இன்ன பெயரால்தான் கும்பிடவேண்டும் என்று சொல்லும் அதிகாரியும் இருந்ததில்லை. பலிபீடம் வைத்தவர் யாரோ, அவர் சொன்னதைத்தான் கல்தச்சர் வெட்டினார். வைத்தவர்களைப் பாருங்கள்: படைவீரர்கள், வணிகர்கள், குடித் தலைவர்கள், விடுதலையடைந்த அடிமைகள், நோய் தீர்ந்த பெண்கள். ஒவ்வொருவரும் தங்களுக்குச் சரியென்று பட்ட பெயரை எழுதச் சொன்னார்கள்.

உள்ளூர்ப் பெரியமனிதர்களுக்கு இதில் ஒரு லாபமும் இருந்தது. ரோமக் குடியுரிமையும் ஊர்ப் பதவியும் வேண்டுமானால் ரோமர் மாதிரி வாழவேண்டும். அதற்காகக் குலதெய்வத்தைக் கைவிட முடியுமா? லத்தீனில் எழுதி, ரோமப் பாணியில் கோயில் கட்டி, தெய்வத்துக்கு மார்ஸ் என்றோ அப்போலோ என்றோ ஒரு பெயர் சேர்த்துவிட்டால் இரண்டும் ஒன்றாக நடந்துவிடும். பேரரசரின் தெய்வசக்தியையும் கல்வெட்டின் முதல் வரியில் வணங்கிவிட்டால் இன்னும் நல்லது. அப்படித் தொடங்கும் கற்கள் ஏராளம்.

ரோமர்கள் பரந்த மனதுக்காரர்கள் என்று இதை வைத்து முடிவு கட்டவும் வேண்டாம். தெய்வங்களை விட்டார்கள், குருமார்களை விடவில்லை. ரோமக் குடியுரிமை பெற்றவர்கள் ட்ரூயிடு சமயத்தில் ஈடுபடக்கூடாது என்று முதல் பேரரசர் அகஸ்டஸ் தடுத்தார். கிளாடியுஸ் அதை அடியோடு ஒழித்ததாக ரோம வரலாற்றாசிரியர் ஸ்வெட்டோனியுஸ் எழுதுகிறார். கி.பி. 60 வாக்கில் வேல்ஸ் கரையோரம் உள்ள மோனா தீவில் படை இறங்கி, ட்ரூயிடுகளின் புனிதத் தோப்புகளை வெட்டிச் சாய்த்தது. நரபலி என்பது சொல்லப்பட்ட காரணம். குடிகளை ஒன்றுசேர்த்து எதிர்க்கும் செல்வாக்கு அவர்களுக்கு இருந்தது என்பதும் ரோமுக்குத் தெரியும்.

மார்ஸ் வைத்தியராகிறார்

இனி பெயர்கள் எப்படிச் சேர்ந்தன என்று பார்ப்போம். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான், ஏனென்றால் ரோமத் தெய்வங்களும் இதில் ஆள் மாறிப்போகின்றன.

ட்ரியரில் லெனுஸ் மார்ஸ் என்ற தெய்வம் இருந்தது. ட்ரெவெரிகளின் பெரிய தெய்வம் அது, அதற்கென்று தனிப் பூசாரிப் பதவியும் உண்டு. மார்ஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு வாளும் கேடயமும் தேடிப் போனால் ஏமாற்றம்தான். மொசெல் ஆற்றங்கரைச் சரிவில் இருந்த அந்தக் கோயிலுக்கு மக்கள் நோய் தீரத்தான் வந்தார்கள். எதிரியிடமிருந்து குடியைக் காப்பவர் நோயிடமிருந்தும் காக்கமாட்டாரா என்ற கணக்கு போலும். பெயர் வரிசையையும் பாருங்கள், லெனுஸ்தான் முதலில் வருகிறார். இங்கிலாந்தின் லிட்னி என்ற இடத்தில் நோடென்ஸ் என்ற தெய்வமும் மார்ஸோடு சேர்க்கப்பட்டது. அங்கேயும் வைத்தியம்தான். கோயிலில் கிடைத்த காணிக்கைகளில் நாய்ப் பொம்மைகள் நிறைய. காயத்தை நக்கிக் குணமாக்கும் பிராணி என்று நாய்க்கு அக்காலத்தில் பெயர்.

மெர்க்குரி காலியாவில் உண்மையாகவே பெரிய ஆளாகிவிட்டார். ரோமில் அவர் தேவர்களின் தூதுவர், வணிகர்களின் சாமி, அவ்வளவுதான். காலியாவிலோ மலையுச்சியில் கோயில். அர்வெர்னி என்ற குடி தங்கள் ஊரில் அவருக்கு ஒரு பிரம்மாண்டச் சிலை செய்யச் சொல்லி ஜெனோடோருஸ் என்ற சிற்பியை அமர்த்தியது. பத்தாண்டு வேலை, கூலி மட்டும் 4 கோடி செஸ்டெர்ஸ் (ரோம நாணயம்) என்று ரோம எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் நீரோ அவரை ரோமுக்கு அழைத்துத் தன் மாபெரும் சிலையைச் செய்யவைத்தாராம். அர்வெர்னிகளின் நாட்டில் உள்ள பியூய் தெ டோம் எரிமலையின் உச்சியில் மெர்க்குரி கோயிலின் இடிபாடுகள் இன்றும் இருக்கின்றன.

ஒரே உள்ளூர்த் தெய்வம் இடத்துக்கு இடம் வேறு வேறு ரோமத் தெய்வத்தோடு சேர்வதும் உண்டு. பிரிட்டனின் வடக்கே, ரோமர்கள் எல்லைக் காவலுக்குக் கட்டிய ஹேட்ரியன் சுவர்ப் பக்கம் கொசிடியுஸ் என்று ஒரு தெய்வம். படைவீரர்கள் சிலர் அவரை மார்ஸ் கொசிடியுஸ் என்றார்கள். வேட்டையை நினைத்தவர்கள் காட்டுத் தெய்வமான சில்வானுஸின் பெயரைச் சேர்த்து சில்வானுஸ் கொசிடியுஸ் என்றார்கள். வெறும் கொசிடியுஸ் என்றே விட்டுவிட்டவர்களும் உண்டு. மூன்றும் சரி.

இந்த விஷயத்தில் வேடிக்கையான சாட்சி ஒரு பெண். இங்கிலாந்தின் யூலி என்ற இடத்தில் மெர்க்குரி கோயில் ஒன்று இருந்தது. சாத்துர்னினா என்பவளின் லினன் துணி காணாமல் போய்விட்டது. ஈயத் தகட்டில் சாமிக்கு ஒரு மனு எழுதுகிறாள். முதலில் மார்ஸ் சில்வானுஸ் என்று எழுதி, அதை அழித்துவிட்டு மேலே மெர்க்குரி என்று திருத்தியிருக்கிறது. திருடியவனைப் பிடித்துத் தந்தால் மூன்றில் ஒரு பங்கு காணிக்கை என்கிறாள். கொஞ்சம் கீழே, சில்வானுஸுக்கும் மூன்றில் ஒரு பங்கு. அந்தக் கோயிலுக்குப் போய்வந்து கொண்டிருந்த ஒருத்திக்கே உள்ளே இருப்பது யார் என்பதில் இவ்வளவு தாராளம் என்றால், நாம் போடும் அட்டவணை எப்படித் தேறும்?

கணவர் ரோமர், மனைவி உள்ளூர்

சேர்த்துவைக்கும் இன்னொரு வழி, ஜோடி போடுவது. மெர்க்குரிக்குப் பக்கத்தில் ரோஸ்மெர்தா நிற்பாள், கையில் வளத்தைக் குறிக்கும் கொம்போ பணப்பையோ இருக்கும். நோய் தீர்க்கும் அப்போலோ கிரானுஸுக்குப் பக்கத்தில் சிரோனா. ஜெர்மனியில் ஹோக்‌ஷைட் என்ற ஊற்றுக் கோயிலில் கிடைத்த சிரோனா சிலையில், அவள் கையில் பாம்பு சுற்றியிருக்கிறது. ஒரு கிண்ணத்தில் முட்டைகளும் வைத்திருக்கிறாள். பெரெக்ரீனுஸின் கல்லில் லூசெட்டியுஸ் மார்ஸுக்குத் துணையாக வந்த நெமெட்டோனாவும் இந்த வரிசையில்தான் வருவாள்.

இந்த ஜோடிகளில் ஆணுக்கு ரோமப் பெயர் சேர்ந்துவிடுகிறது, பெண்ணோ உள்ளூர்ப் பெயரோடு அப்படியே இருக்கிறாள். வென்ற நாட்டுக் கணவன், தோற்ற நாட்டு மனைவி என்று இதற்கு அரசியல் விளக்கம் கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அது முழுக்க ஏற்பில்லை. சுத்தியலோடு நிற்கும் சுசெல்லுஸும் அவர் துணை நான்டோசுவெல்டாவும் பிரான்ஸின் சார்பூர் புடைப்புச் சிற்பத்தில் இருவருமே உள்ளூர்ப் பெயரோடுதான் இருக்கிறார்கள். பெண் தெய்வங்கள் பெரும்பாலும் ஒரு ஊற்று, ஒரு ஆறு, ஒரு நிலம் என்று இடத்தோடு பிணைந்தவர்கள். இடத்தின் பெயரை மாற்றினால் அது வேறு இடமாகிவிடும் இல்லையா.

அந்த மாதிரி யாரோடும் சேராமல் நின்றவர்களும் கணிசம். செய்ன் ஆறு பிறக்கும் இடத்தில், டிஜோனுக்கு வடமேற்கே, செக்வானா. வாத்து வடிவப் படகில் நிற்கும் அவளுடைய வெண்கலச் சிலை டிஜோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஊற்றுச் சேற்றில் புதைந்திருந்த நூற்றுக்கணக்கான மரக் காணிக்கைகளை 1963இல் தோண்டி எடுத்தார்கள்: கை, கால், தலை, துணியில் சுற்றிய குழந்தை, முக்காடு போட்ட பயணிகள். உடம்பில் எந்த இடத்தில் வலியோ அந்த உறுப்பைச் செய்து போட்டிருக்கிறார்கள். ஹேட்ரியன் சுவரோரம் கேரபர்க் கோட்டைக்கு வெளியே கொவென்டினாவின் ஊற்று. 1876இல் ஜான் கிளேட்டன் அதைத் தோண்டியபோது 13,000க்கு மேல் ரோம நாணயங்கள் வெளிவந்தன. அவளுக்கு எந்த ரோமத் தேவியின் பெயரையும் யாரும் சேர்க்கவில்லை. ஆனால் கும்பிட்டவர்கள் ரோமப் படைவீரர்கள்தான்.

எபோனாவின் கதை இன்னும் ஒருபடி மேல். குதிரைகளின் தெய்வம், குதிரைமேல் பக்கவாட்டாக அமர்ந்திருப்பாள். காலியாவிலிருந்து குதிரைப்படைக்கு ஆள் எடுத்தார்கள், அவர்களோடு சேர்ந்து அவளும் பேரரசு முழுக்கப் போனாள். ரோமுக்குள்ளேயே நுழைந்துவிட்டாள். குதிரை லாயத்தில் எபோனா உருவத்துக்கு ரோஜா மாலை போட்டிருப்பதை அபுலேயுஸின் லத்தீன் நாவல் காட்டுகிறது. வட இத்தாலியில் கிடைத்த ஒரு நாட்காட்டியில் டிசம்பர் 18 அவளுடைய நாள். இங்கே பயணம் எதிர்த்திசையில் நடந்திருக்கிறது, ரோமர்கள்தான் கெல்ட் தெய்வத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

அன்னையர் என்ற கூட்டுத் தெய்வங்களும் அப்படித்தான். பெரும்பாலும் மூன்று பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். மடியில் பழம், ரொட்டி, சில இடங்களில் கைக்குழந்தை. ரைன் ஆற்றுப் பக்கம் மட்டும் இவர்களுக்கு நூற்றுக்கணக்கான கற்கள் உண்டு. அங்கே நடுவில் இருப்பவள் இளம்பெண்ணாகவும், இருபுறமும் இருப்பவர்கள் பெரிய வட்டத் தலையணி போட்டவர்களாகவும் வருவார்கள். தூர தேசத்தில் பணிபுரிந்த வீரர்கள் கடலுக்கு அப்பால் உள்ள அன்னையரை நினைத்துக் கல் வைத்தார்கள். இங்கிலாந்தின் வின்செஸ்டரில் ஒருவர் இத்தாலிய, ஜெர்மானிய, காலிய, பிரிட்டானிய அன்னையர் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பலிபீடமாக முடித்துவிட்டார். யாரும் கோபித்துக்கொள்ள வழியில்லை.

பாரிஸ் படகோட்டிகளின் தூண்

இந்தக் கலவையை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் பாரிஸின் க்ளூனி அருங்காட்சியகத்துக்குப் போகவேண்டும். 1711இல் நோத்ரதாம் தேவாலயத்தின் அடியில் தோண்டியபோது செதுக்கிய கற்பாளங்கள் கிடைத்தன. ஒரு காலத்தில் தூணாக நின்றவை. தங்களை பாரிசி குடியின் படகோட்டிகள் என்று சொல்லிக்கொண்ட வணிகச் சங்கத்தார், திபேரியுஸ் பேரரசர் காலத்தில், அதாவது கி.பி. 14க்கும் 37க்கும் இடையில், ஜூப்பிட்டருக்கு அதை நிறுத்தினார்கள். சீசர் வந்துபோய் நூறாண்டுகூட ஆகவில்லை.

அதன் பக்கங்களில் ஜூப்பிட்டர், வல்கன், காஸ்டர், போலக்ஸ். அவர்களுக்குச் சமமாக, அதே அளவில், மான்கொம்பு வைத்த கெர்னுன்னோஸ், மரம் வெட்டும் எசுஸ், முதுகிலும் தலையிலும் மூன்று நாரைகள் நிற்கும் காளை, பாம்பை அடிக்கக் கை ஓங்கும் ஸ்மெர்ட்ரியோஸ். ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் எழுதியிருக்கிறது. லூக்கான் சொன்ன ரத்தவெறி பிடித்த எசுஸ் இங்கே உழைப்பாளி உடையில் கோடாரியோடு நிற்கிறார். மான்கொம்புச் சாமியைக் கெர்னுன்னோஸ் என்று நாம் அழைப்பதற்கு இந்தத் தூணே முக்கிய ஆதாரம். வேறு இடங்களில் அந்த உருவம் பெயரில்லாமல்தான் வருகிறது.

இந்தத் தூணில் எசுஸ் மெர்க்குரியாகவில்லை, கெர்னுன்னோஸ் வேறு யாராகவும் ஆகவில்லை. பெயர்களைச் சேர்க்காமல் ஆட்களைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அதுவும் ஒரு வழி. பணக்காரப் படகோட்டிகள், பேரரசரின் பெயரை மேலே போட்டு, ஆற்றோரத் தெய்வங்களையும் ரோமத் தெய்வங்களையும் ஒரே தூணில் ஏற்றியிருக்கிறார்கள்.

கோயிலின் வடிவத்திலும் இதே கதைதான். காலியாவிலும் பிரிட்டனிலும் நூற்றுக்கணக்கில் கிடைப்பது ஒரு தனி வகைக் கோயில்: நடுவில் உயரமான, பெரும்பாலும் சதுரமான அறை, அதைச் சுற்றிலும் நடைபாதை. முன்பக்கம் மட்டும் தூண்களும் உயர்ந்த படிகளும் கொண்ட ரோமக் கோயில் போல இது இருக்காது. கல்லும் சுண்ணச்சாந்தும் ஓடும் ரோமத் தொழில்நுட்பம், அமைப்பு மட்டும் உள்ளூருக்கே உரியது. ஃபிரான்ஸின் பெரிகூவில் வெசுன்னா தேவியின் கோயில் அறை வட்டக் கோபுரமாக இன்றும் பாதி உடைந்து நிற்கிறது.

காணிக்கை முறையும் மாறியது. ரோமர் வருவதற்கு முன்பு, வட பிரான்ஸின் கூர்னே போன்ற இடங்களில் சுமார் 2,000 ஆயுதங்களை வளைத்தும் முறித்தும் பள்ளத்தில் போட்டிருந்தார்கள். ஒரு குடியே சேர்ந்து செய்யும் காரியம் அது. ரோமர் காலத்தில் தனியாள் வருகிறான், வேண்டிக்கொள்கிறான், நடந்தால் கல் வைக்கிறான். கல்லின் கடைசியில் வி, எஸ், எல், எம் என்ற லத்தீன் எழுத்துகள் நான்கு இருக்கும். வேண்டுதலை விருப்பத்தோடும் தகுதியறிந்தும் நிறைவேற்றினேன் என்ற வாசகத்தின் சுருக்கம் அது. கல்தச்சருக்கு இடமும் மிச்சம், கூலியும் மிச்சம்.

சூலிஸின் நீதிமன்றம்

கடைசியாக மறுபடி பாத். அங்கே ஊற்றிலிருந்து நாளொன்றுக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீர் சுமார் 46 டிகிரி சூட்டில் பொங்கி வருகிறது. ரோமர்கள் ஊற்றைச் சுற்றிச் சுவர் எழுப்பி, பக்கத்தில் குளியல் மண்டபங்களும் முழுக்க ரோமப் பாணியில் ஒரு கோயிலும் கட்டினார்கள். கோயில் முகப்பில் ஒரு பயங்கர முகம், தலைமுடியில் பாம்புகள். மினெர்வாவின் கேடயத்தில் வரும் கோர்கன் என்ற பாம்புமுடி அரக்கிதான். ஆனால் கோர்கன் பெண், இங்கே இருப்பது மீசை தாடியோடு ஆண். உள்ளூர்ச் சிற்பியின் கைவரிசை என்றும், நீர்த்தெய்வம் என்றும் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். 1727இல் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியபோது தங்கமுலாம் பூசிய வெண்கலத் தலை ஒன்றும் கிடைத்தது. அது சூலிஸ் மினெர்வா. முகம் அச்சு அசலாக ரோமத் தேவியின் முகம்.

முகம் ரோமத் தேவியுடையது, பேச்சு மட்டும் உள்ளூர் அம்மனிடம். 1979-80இல் பாரி கன்லிஃப் தலைமையில் ஊற்றைத் தோண்டியபோது 12,000க்கு மேல் நாணயங்களும், ஈயம் கலந்த மெல்லிய தகடுகளும் கிடைத்தன. சுமார் 130 தகடுகளில் எழுத்து இருந்தது. பெரும்பாலும் திருட்டுப் புகார்கள். காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவைப் போலவே நடை: இன்னார் மகன் இன்னார், காணாமல் போன பொருள் இது, எடுத்தவன் ஆணோ பெண்ணோ, அடிமையோ சுதந்திரமானவனோ. டொக்கிமெடிஸ் என்பவரின் இரண்டு கையுறைகள் போய்விட்டன. திருடியவனுக்கு அறிவும் கண்ணும் போகவேண்டும் என்கிறார். டொசிலியானுஸுக்கு முக்காடுள்ள மேலங்கி போய்விட்டது. அதைக் கோயிலில் கொண்டுவந்து சேர்க்கும்வரை திருடனுக்குத் தூக்கமும் கூடாது, பிள்ளையும் கூடாது.

இதில் ஒரு நுட்பமான தந்திரம் உண்டு. தொலைந்த பொருளையோ பணத்தையோ தேவிக்கே தானமாகக் கொடுத்துவிட்டேன் என்று எழுதிவிடுவார்கள். அந்த நொடியிலிருந்து திருடன் வைத்திருப்பது சாமி சொத்து. மீட்பது இனி அவள் பாடு. எழுதியவர்களின் பெயர்களில் பாதி கெல்ட், பாதி ரோமம். எழுத்து லத்தீன், சட்ட வாசகங்களும் ரோமச் சட்டத்தை ஒட்டியவை. அழைக்கும் பெயர் மட்டும் பெரும்பாலும் சூலிஸ். கல்லிலும் வெண்கலத்திலும் மினெர்வாவாக இருந்தவள், கையுறை தொலைத்தவனுக்கு ஊர்ப் பெயரிலேயே இருந்தாள்.

4ஆம் நூற்றாண்டில் கிறித்தவம் ஆட்சிக்கு வந்தது. காலியாவின் கிராமப்புறக் கோயில்களை தூர் நகர ஆயர் மார்ட்டின் போன்றவர்கள் இடித்தார்கள், அந்நூற்றாண்டின் இறுதியில் பேரரசர் தெயோடோசியுஸ் பலியிடுதலையே சட்டப்படி தடுத்தார். பாத் ஊற்றில் கிடைத்த தகடுகளில் ஒன்று இந்தக் காலத்தைக் காட்டுகிறது. மாத்துட்டினாவின் மகன் அன்னியானுஸ் என்பவரின் பணப்பையிலிருந்து ஆறு வெள்ளிக் காசுகளை யாரோ எடுத்துவிட்டார்கள். பின்பக்கத்தில் 18 பேருடைய பெயர்களைப் பட்டியல் போட்டிருக்கிறார், சந்தேகப் பட்டியலாக இருக்கவேண்டும். முன்பக்கத்தில் வழக்கமான வாசகத்துக்குப் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறார்: ஆணோ பெண்ணோ, சிறுவனோ சிறுமியோ, அடிமையோ சுதந்திரமானவனோ, பழைய சாமிகளைக் கும்பிடுபவனோ கிறித்தவனோ, எவனாக இருந்தாலும் அவனிடமிருந்து அந்தக் காசை அம்மா நீயே வசூலித்துக்கொள்.